உடலுறவில் எது தொற்றும், எது தொற்றாது: பலரும் செய்யும் தவறுகள்

முத்தம் கொடுத்துவிட்டு எச்.ஐ.வி. வந்திருக்குமோ என்று தூக்கம் கெட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆணுறை இல்லாமல் உறவு வைத்துவிட்டு, 'நல்ல குடும்பத்து ஆள்தானே' என்று நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. இத்தனை ஆண்டு விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குப் பிறகும் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், வேண்டாத இடத்தில் நடுங்குகிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆள் யார் என்பது கிருமிக்குத் தெரியாது. எந்தத் திரவம், உடலின் எந்த இடத்தில் பட்டது என்பதுதான் கணக்கு.

எல்லாத் தொற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பெரிய தவறு. உடலுறவில் எச்.ஐ.வி. பரவ வேண்டுமென்றால் ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், பெண்ணுறுப்பின் திரவம், ஆசனவாய்த் திரவம் இவற்றில் ஒன்று, மற்றவரின் மென்சவ்விலோ (பிறப்புறுப்பு, ஆசனவாய், வாய் ஆகியவற்றின் ஈரமான உட்தோல்) திறந்த புண்ணிலோ பட வேண்டும். எச்சிலாலும் வியர்வையாலும் அது பரவாது. கட்டிப்பிடிப்பதாலும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் வராது. ஆனால் ஹெர்பிஸ் (நீர்க்கொப்புளம் வரவைக்கும் வைரஸ்), சிபிலிஸ் (மேகப்புண்), எச்.பி.வி. (மருவையும் கருப்பைவாய்ப் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய வைரஸ்) ஆகியவை அப்படியல்ல, தோலோடு தோல் உரசினாலே தொற்றக்கூடியவை. உதட்டில் நீர்க்கொப்புளம் இருக்கும்போது கொடுக்கும் முத்தத்தால் ஹெர்பிஸ் வரும். ஆணுறை மூடாத இடத்தில் புண் இருந்தால் ஆணுறையும் முழுப் பாதுகாப்பு தராது. எச்.பி.வி.க்கும், உடலுறவில் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கும் தடுப்பூசி இருக்கிறது.

வாய்வழி உறவைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதில் எச்.ஐ.வி. ஆபத்து மிகக் குறைவுதான். ஆனால் கொனோரியா (வெட்டை நோய்) தொண்டையில் தங்கும், பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாமல். சிபிலிஸும் அந்த வழியாக வரும்.

'கர்ப்பம் ஆகாது' என்பதற்காக ஆசனவாய் உறவைப் பாதுகாப்பானது என்று நினைப்பது இன்னும் மோசம். அங்கே உட்சவ்வு மிக மெல்லியது, எளிதில் கிழியும். பெண்ணுறுப்பு வழி உறவைவிட, அதில் உறுப்பை உள்ளே ஏற்பவருக்கு எச்.ஐ.வி. ஆபத்து பல மடங்கு அதிகம்.

அப்புறம், நம் வீடுகளில் கைக்கு முதலில் கிடைப்பது தேங்காய் எண்ணெய். வழுவழுப்புக்காக அதையோ வாசலினையோ தடவினால், லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியலாம். மருந்துக்கடையில் நீர் சார்ந்த ஜெல் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இரண்டு ஆணுறைகளை ஒன்றின்மேல் ஒன்று மாட்டினாலும் உரசிக் கிழியும். கடைசி நேரத்தில் ஆணுறை மாட்டுவது, விந்து வரும் முன் உறுப்பை வெளியே எடுத்துவிடுவது இரண்டும் தொற்றைத் தடுக்காது.

அறிகுறி போனால் நோய் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். சிபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். கிருமி உடம்புக்குள்ளேயே இருக்கும். கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்று பல பெண்களுக்கு எதுவும் காட்டாமலே கருக்குழாயைக் கெடுத்துவிடும். மருந்துக்கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போடுவது இங்கே ஆபத்து. சரியான மருந்தை முழுதாக எடுக்க வேண்டும், துணைக்கும் சிகிச்சை வேண்டும். இல்லையென்றால் இருவருக்குள் மாறி மாறிச் சுற்றும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து தொற்றாது. தன் நிலையே தெரியாதவரிடமிருந்தும், மருந்து எடுக்காதவரிடமிருந்தும்தான் ஆபத்து.

உறவுக்கு மறுநாள் காலையே எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். தொற்று பரிசோதனையில் தெரிய நாளாகும். வழக்கமான விரைவுப் பரிசோதனையை 3 மாதம் கழித்து மறுபடி செய்தால்தான் உறுதி. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இது இலவசம், ரகசியம் காக்கப்படும். ஆணுறை கிழிந்துவிட்டது, துணையின் நிலை தெரியவில்லை என்றால் 3 மாதம் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெள்ளி இரவு நடந்திருந்தால் திங்கள் இரவோடு அந்தக் கெடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-ஐ அழைத்துக் கேளுங்கள், கட்டணம் இல்லை.