செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்

மாதவரம் பக்கம் தண்ணீர் டேங்க் இழுக்கும் பழைய டிராக்டர் அது. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) போச்சு என்று நானே முடிவு கட்டி, மோட்டாரைக் கழற்றிப் புதுப்பேட்டைக்குத் தூக்கிப்போய், கார்பன் (உள்ளே உரசிக் கரன்ட் கடத்தும் கட்டை), புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) எல்லாம் மாற்றிக்கொண்டு வந்து மாட்டினேன். மறுபடியும் அதே 'டக்'. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. வண்டிக்கு பெயின்ட் அடித்தபோது எர்த் வயர் (பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்க்கும் வயர்) போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் போயிருந்தது. வயர் முனையோ பச்சை பூத்துக் கிடந்தது. கடற்காற்று அடிக்கிற ஊரில் இது சீக்கிரமே நடக்கும்.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறதே என்று நிம்மதியாகி விடாதீர்கள். அது சும்மா நிற்கும்போது காட்டுகிற கணக்கு. எஞ்சின் பிடிக்காமல் இருக்க ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். அப்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் இறுகி அளவுக்கு மேல் கரன்ட் இழுக்கிறது. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டார் உடம்பிலும் வைத்து இன்னொரு முறை அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் பாதையில். மீட்டர் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அடியுங்கள். வெளிச்சம் குறையாமல் அப்படியே நின்றால் கரன்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. சாலினாய்டு (மோட்டாருக்குக் கரன்ட் விடும் காந்த சுவிட்ச்), கார்பன் பக்கம் பாருங்கள்.

ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் மோட்டாரின் முனைகளை இணைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம்மூரில் நிறைய. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் செய்யவே செய்யாதீர்கள். இப்படிச் செய்தால் நியூட்ரல் சுவிட்ச் (கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகவிடாத சுவிட்ச்) இருந்தும் பயனில்லை. கியரில் கிடந்தால் டீசல் எஞ்சின் பிடித்த வேகத்தில் வண்டி ஆள் மேலேயே ஏறிவிடும். இந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

சுத்தியலால் தட்டினால் ஓடுகிறது என்றால் கார்பன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், சரி. ஆனால் காந்தம் வைத்த புதுவகை மோட்டாரைத் தட்டினால் காந்தமே உடையும். விடாமல் அரை நிமிடம் செல்ஃப் அடிப்பதும் வேண்டாம். 10 விநாடி போதும், அப்புறம் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள். கம்யூட்டேட்டரை (கார்பன் உரசும் செம்பு உருளை) எமரி தாளால் தேய்க்காதீர்கள், அதன் துகள் பள்ளங்களில் தங்கி ஷார்ட் ஆகும். மெல்லிய கண்ணாடித்தாள் நல்லது. பினியன் கிளட்ச்சை (எஞ்சின் பல்சக்கரத்தில் மாட்டிச் சுழற்றும் பாகம்) மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகும். துணியால் துடைத்தால் போதும்.

திரும்ப மாட்டும்போது மோட்டார் எஞ்சினோடு ஒட்டும் முகத்தைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்குங்கள். மோட்டாரின் உடம்புதான் அதற்கு எர்த். கடையில் அழகாக பெயின்ட் அடித்துத் தருவார்கள். அந்த முகத்தில் மட்டும் வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.