பிரான்சில் ஒரு குட்டி கிராமத்துக்குக் குடிபோகிறீர்களா?

மார்த்தாண்டம், தக்கலை பக்கமிருந்து வேலைக்கோ கல்யாணமாகியோ பிரான்ஸ் போகிற எல்லோருக்கும் பாரிஸ் வாய்ப்பதில்லை. அங்கே சுமார் 35,000 கம்யூன்கள் (நம்ம ஊராட்சி, நகராட்சி மாதிரி உள்ளாட்சிகள்), அதில் பாதிக்கு மேல் 500 பேர்கூட இல்லாத ஊர்கள்.

போனதும் 'மெரி'யில் முகம் காட்டிவிடுங்கள். அதாவது ஊராட்சி அலுவலகம், ஆனால் அங்கே மேயரே கல்யாணமும் நடத்தி வைப்பார். சின்ன ஊரில் வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், கதவில் ஒட்டியிருக்கிற நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 'பொன்ழூர்', அதாவது வணக்கம். ரொட்டிக்கடையில் நுழைந்ததும் இதைச் சொல்லாமல் நேராக 'ஒரு பகெத்' (நீள ரொட்டி) என்று கேட்டால் கடைக்காரம்மா முகம் சுருங்கிவிடும். வரிசையில் நிற்கிற முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லணும், கிளம்பும்போது 'ஒ ரெவ்வார்', அதாவது போய் வருகிறேன். மதியம் பெரும்பாலும் கடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

ஆட்களோடு பழக ஒரே நல்ல வழி 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி லாப நோக்கமில்லாமல் நடக்கிற சங்கங்கள்தான். செப்டம்பரில் பல ஊர்களில் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள். பாஷை வராவிட்டால் விழாக் கமிட்டியில் சேருங்கள், நம்ம கோயில் கொடை மாதிரி அங்கேயும் நாற்காலி தூக்க ஆள் எப்போதும் பத்தாது. கையில் ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டுபோங்கள், கார மிக்சர் வேண்டாம்.