பழக்கலவை நீர்விடாமல் இருக்க

கலந்து அரை மணியில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி, பப்பாளித் துண்டுகள் தொளதொளத்துப் போகும். காரணம் சர்க்கரை, பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். அதை நிறுத்தினேன்.

இப்போது 4 கப் பழத்துக்கு 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 2 மேசைக்கரண்டி சாத்துக்குடிச் சாறு, 1 தேக்கரண்டி தேன். தேனும் நீரை இழுக்கும் என்பதால் பரிமாறும்போதுதான் ஊற்றுகிறேன். ஆப்பிளை மட்டும் நறுக்கிய கையோடு எலுமிச்சைச் சாற்றில் பாதியை விட்டுப் பிசறிவிட வேண்டும், இல்லையேல் கறுக்கும். தர்பூசணி 10 நிமிடம் வடிதட்டில் இருக்கட்டும். வாழைப்பழம் கடைசியில்.

சாத்துக்குடியை முன்கூட்டிப் பிழியாதீர்கள், கசப்பேறும். எலுமிச்சைத் தோல் துருவுவதானால் மேலுள்ள மஞ்சள் பகுதி மட்டும். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி சேர்ந்தால் அதுவும் கசப்புதான். ஒரு சிட்டிகை உப்பு? எனக்குப் பிடிக்கும், தட்டில் போட்ட பிறகு.