பென்சிலைப் பிடுங்காதீர்கள்: இளம் கலைஞர்களுக்கு வழிகாட்டும் மூத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவிய வகுப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். மாணவி வரைந்துகொண்டிருப்பாள். ஆசிரியர் பின்னால் வந்து நின்று இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். அப்புறம் "இப்படிக் கொடு" என்று பென்சிலை வாங்கி நான்கு கோடு இழுப்பார். படம் சட்டென்று உயிர் பெற்றுவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் படத்தை வீட்டில் காட்டும்போது மாணவியின் குரல் கொஞ்சம் இறங்கும். அந்த நான்கு கோடு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

நான் நாடகத்துக்காரன். இளையவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கச் சொல்லி முதல் தடவை கேட்டபோது எனக்கும் பென்சில் பிடுங்கத்தான் தெரிந்திருந்தது. ஒரு ஒத்திகையில் இளம் இயக்குநர் ஒருவரின் காட்சி நொண்டிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் மேடையேறி நடிகர்களை நானே இடம் மாற்றி நிறுத்தினேன். பத்தே நிமிடத்தில் காட்சி சரியாகிவிட்டது. அதன் பிறகு மூன்று வாரம், எந்தச் சந்தேகம் வந்தாலும் நடிகர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். காட்சியைக் காப்பாற்றப் போய் இயக்குநரின் நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாதிரித் தவறுகளில் பெரும்பாலானவை நல்ல மனதோடுதான் செய்யப்படுகின்றன. எதிரில் இருப்பவரை இருபத்தைந்து வயது நாமாக நினைத்துக்கொள்கிறோம். அன்றைக்கு யாராவது நமக்குச் சொல்லியிருக்கலாமே என்று ஏங்கியதை எல்லாம் இவர் தலையில் கொட்டுகிறோம். அவர் வந்தது வேறு எதற்காகவோ இருக்கும்.

முதல் சந்திப்பிலேயே இது தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் மூத்தவரே பேசுவார். எந்த வருடம் எப்படிக் கஷ்டப்பட்டார், யார் கைவிட்டார், யார் கைதூக்கிவிட்டார் என்று கதை ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்குத் திறந்த கதவுகளில் பாதி இன்று இல்லை. இன்று இருக்கும் கதவுகளில் பாதி அவருக்குத் தெரியாது. நான் இப்போது முதல் நாளில் மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். எதில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? ஆறு மாதம் கழித்துக் கையில் என்ன இருந்தால் திருப்தி? யாருடைய வேலையைப் பார்த்தால் பொறாமை வருகிறது? மூன்றாவது கேள்வியில்தான் ஆள் உண்மையாக வெளியே வருவார். பிடித்த கலைஞர் யார் என்று கேட்டால் நாகரிகமான ஒரு பட்டியல் கிடைக்கும். பொறாமை அப்படிப் பொய் சொல்லாது.

ரசனையைத் திணிப்பது

1954இல் அர்ஜென்டினாவிலிருந்து ஆஸ்டர் பியாசோலா என்ற இசைக்கலைஞர் பாரிசுக்குப் போனார். அங்கே நாடியா பூலாஞ்சே என்ற புகழ்பெற்ற இசை ஆசிரியையிடம் இசையமைப்புப் படிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். சிம்பொனி, சொனாட்டா என்று மேற்கத்திய செவ்வியல் வடிவங்களில் தான் எழுதிய தாள்களைக் கட்டாகக் கொண்டுபோய் வைத்தார். டாங்கோ என்ற நடன இசையை வாசித்துப் பிழைத்ததையும், தன் வாத்தியம் அக்கார்டியன் போன்ற பாண்டோனியன் என்பதையும் மட்டும் மறைத்துவிட்டார். வெட்கம். பூலாஞ்சே எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதில் பியாசோலா எங்கே என்று கேட்டார். துருவித் துருவிக் கேட்டதில் டாங்கோ வெளியே வந்தது. பியாசோலா தன் டாங்கோ ஒன்றைப் பியானோவில் வாசித்துக் காட்டியதும், இதுதான் நீங்கள், இதை விட்டுவிடாதீர்கள் என்றாராம். பியாசோலாவே பின்னாளில் சொன்ன கதை இது.

கதை பிரபலமானது. அதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. டாங்கோ பூலாஞ்சேயின் துறையே இல்லை. அந்த சிம்பொனிகளைத் திருத்தி மெருகேற்றுவதுதான் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. அதே சமயம் தன் கையில் இருந்த கருவியையும் ஒளித்து வைக்கவில்லை. நான்கு குரல் கவுன்டர்பாயின்ட், அதாவது நான்கு மெட்டுகளை ஒன்றோடொன்று இசையும்படி பின்னும் பயிற்சியைக் கண்டிப்போடு கொடுத்தார். நுட்பத்தில் இளகவில்லை, மாணவருக்கே உரிய குரலில் தலையிடவில்லை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நுட்பத்தில் "பரவாயில்லை, போகப் போக வந்துவிடும்" என்போம், கருப்பொருளில் "இதெல்லாம் யார் பார்ப்பார்கள்?" என்போம்.

பின்னூட்டத்திலும் இதே கதைதான். "நல்லா இருக்கு" என்பதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. கிழித்துத் தொங்கப்போடுவதைப் பயன் உள்ளது என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். தாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம் என்று பெருமையாகவும் சொல்வார்கள். அப்படிக் கிழிக்கப்பட்டு இந்தத் துறையை விட்டே போனவர்கள் அந்தப் பெருமையில் கலந்துகொள்ள வருவதில்லை. எனக்குப் பலன் தந்த வழி மிகச் சாதாரணமானது. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுவேன். முதல் வரைவில் இருப்பவரிடம் நிறுத்தற்குறியைப் பற்றிப் பேசுவதும், நாளை மறுநாள் திறக்கப்போகும் கண்காட்சியில் அடிப்படைக் கருத்தையே கேள்வி கேட்பதும் ஒரே மாதிரி அநியாயம். அப்புறம், தீர்ப்புச் சொல்வதற்கு முன் நான் பார்த்ததை மட்டும் சொல்வேன். "இரண்டாவது காட்சியில் அந்தப் பெண் கதவைத் திறந்தபோது, அவள் வீட்டை விட்டுப் போகிறாள் என்று நினைத்தேன்." அவர் நினைத்தது அதுவா இல்லையா என்று அவருக்கே தெரிந்துவிடும். எங்கே திருத்துவது என்பதை அவரே கண்டுபிடிப்பார்.

ஒப்புக்கொண்டு மறப்பது, பிறகு பெயர் கேட்பது

1792 கடைசியில் இளம் பீத்தோவன் வியன்னாவுக்கு வந்து, மூத்த இசையமைப்பாளர் ஹைடனிடம் பாடம் கேட்டார். ஹைடன் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். அடுத்த லண்டன் பயணமும் நெருங்கிக்கொண்டிருந்தது. பீத்தோவன் எழுதிய கவுன்டர்பாயின்ட் பயிற்சிகள் சுமார் 245 இன்றும் கிடைக்கின்றன. ஹைடனின் திருத்தம் இருப்பது அவற்றில் ஏறக்குறைய நாற்பதில்தான். பீத்தோவன் யோஹான் ஷெங்க் என்ற இன்னொரு இசைக்கலைஞரிடம் போய் ரகசியமாகத் திருத்தி வாங்கினார் என்று ஷெங்கே எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு இதில் உறுத்துவது அந்த ரகசியம்தான். நேரமில்லாத வழிகாட்டியால் வரும் பெரிய நஷ்டம் அவர் சொல்லித் தராத பாடம் இல்லை. "எனக்கு இது போதவில்லை" என்று இளையவர் வாய் திறக்க முடியாமல் போவது. நேரம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடலாம். அல்லது மாதம் ஒரு மணி நேரம்தான் என்று சொல்லி அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றலாம். இன்னொருவரிடமும் போய்க் கேளுங்கள் என்று நாமே அனுப்பினால் நம் மதிப்பு குறைந்துவிடாது.

இந்தக் கதைக்கு ஒரு வாலும் உண்டு. பீத்தோவனின் ஆரம்பகால வெளியீடுகளின் முகப்பில் "ஹைடனின் மாணவர்" என்று போட வேண்டும் என ஹைடன் விரும்பினார், பீத்தோவன் மறுத்துவிட்டார் என்று பீத்தோவனின் மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ் பதிவு செய்திருக்கிறார். 1796இல் வெளிவந்த மூன்று பியானோ சொனாட்டாக்களைப் பீத்தோவன் ஹைடனுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். ஆனால் மாணவர் என்ற சொல் முகப்பில் ஏறவில்லை. இதற்கு நேர் எதிராக ஒன்று. 1870களில் ஓவியர் பிஸ்ஸாரோ தன்னைவிட ஒன்பது வயது இளைய ஓவியர் செசானோடு பக்கத்தில் பக்கத்தில் நின்று அதே நிலக்காட்சிகளை வரைந்தார். குருபீடம் எதுவும் போடவில்லை. செசானிடமிருந்து அவரும் எடுத்துக்கொண்டார். பிஸ்ஸாரோ இறந்த பிறகு, 1906இல் ஒரு கண்காட்சிப் பட்டியலில் "பால் செசான், பிஸ்ஸாரோவின் மாணவர்" என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார் செசான். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது.

பணம் பேசக் கூச்சப்படுவது

மூத்தவர்களிடம் உள்ளதிலேயே விலைமதிப்புள்ள அறிவு இதுதான். இதைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நடிப்பு, வண்ணம், தாளம் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். "உங்கள் முதல் ஒப்பந்தத்தில் எவ்வளவு ஏமாந்தீர்கள்?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம். நான் ஏமாந்தது நாடகப் பிரதியில். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது முறை மேடையேற்றப் போனபோதுதான், என் நாடகத்தைப் போட நானே அனுமதி கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டுகிறேன்.

ஒரு மாலை உட்கார்ந்து உண்மையான ஒப்பந்தம் ஒன்றை வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிடுவதும், இத்தனை வருடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருவதும் வேறு வேறு என்பதைக் காட்டுங்கள். நிகழ்ச்சி ரத்தானால் செய்த வேலைக்குப் பணம் உண்டா? பயணமும் பொருள் செலவும் சம்பளத்துக்குள்ளேயா வெளியேயா? சிற்பத்தை அனுப்ப அவர்கள் வண்டி பிடிப்பார்கள் சரி, திரும்பக் கொண்டுவருவது யார் செலவு? வழியில் உடைந்தால்? இவற்றில் எதையும் திறமையால் ஊகிக்க முடியாது. அடிபட்டவர் சொன்னால்தான் தெரியும். நல்கைக்கு (கலைக்கான நிதியுதவிக்கு) எழுதி நிராகரிக்கப்பட்ட உங்கள் விண்ணப்பம் ஒன்றையும் எடுத்துக் காட்டுங்கள். ஜெயித்த விண்ணப்பத்தைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். உங்களைப் பற்றி அவர் வைத்திருக்கும் பயமும் கொஞ்சம் விலகும்.

பணத்திலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. "கூடவே இரு, பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்லி, அழைப்பிதழ் ஒட்டுவது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, திரை தூக்குவது எல்லாவற்றையும் இளையவர் தலையில் கட்டுவது. கற்றலா, இலவச உழைப்பா என்று சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. நாளைக்கு அவர் வரவில்லையென்றால் அந்த வேலைக்குக் காசு கொடுத்து இன்னொருவரை வைப்பீர்களா? வைப்பீர்கள் என்றால் அது வேலை. சம்பளத்தைக் கொடுங்கள்.

மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள்

மேடை மேலாளர், ஒளியமைப்பாளர், கண்காட்சியைத் தொகுத்து வடிவமைக்கும் க்யூரேட்டர், விழா ஒருங்கிணைப்பாளர், ஆவணக் காப்பாளர் என்று பண்பாட்டுத் துறையில் வேலை செய்யும் இளையவர்களுக்கு வழிகாட்டும்போது ஒரு தனித் தவறு நடக்கிறது. "சரி, எப்போது சொந்தமாக ஏதாவது செய்யப்போகிறாய்?" என்று கேட்பது. கலைஞராக முடியாதவர்கள் இங்கே ஒதுங்கியிருக்கிறார்கள் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அவர்கள் செய்வதே சொந்த வேலைதான்.

இவர்கள் கற்க வேண்டியது கண்ணில் படாத முடிவுகளை. மழை வரும்போலிருக்கும் மாலையில் திறந்தவெளி நிகழ்ச்சியை நடத்துவதா நிறுத்துவதா என்று எந்த நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்? முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? ஒலிக்காரருக்கு ஏன் கலைஞருக்கு முன்பே தெரிய வேண்டும்? பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் இது விளங்காது. எல்லாம் முடிந்தபின், "அப்போது இதனால்தான் அப்படிச் செய்தேன்" என்று காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓவியர் தன் படத்தைக் காட்டி வேலை கேட்கலாம். தடையின்றி ஓடி முடிந்த நிகழ்ச்சியை மேலாளர் எதைக் காட்டி நிரூபிப்பார்? அதனால் பரிந்துரைக் கடிதத்தில் "கடின உழைப்பாளி" என்று எழுதி முடித்துவிடாமல், எந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார் என்று எழுதிக் கொடுங்கள்.

இளையவரால் நம்மிடம் "இல்லை" என்று சொல்ல முடியாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தாலும் எடுப்பார். அவருடைய விண்ணப்பம் வரும் தேர்வுக் குழுவில் நாமும் இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்து விலகியிருக்க வேண்டும். நம்மைப் பற்றியே குறை இருந்தால் யாரிடம் போவது என்ற பெயரையும் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினால் இதைக் கேட்டு வாங்குங்கள். தனியாகச் செய்தால் இருவருக்கும் தெரிந்த, நமக்கு அடங்காத ஒருவரைச் சொல்லுங்கள்.

கடைசியாக, முடிக்கத் தெரியாமல் இழுப்பது. ரோலெக்ஸ் நிறுவனம் 2002இல் தொடங்கிய கலை வழிகாட்டல் திட்டத்தில் உலகப் புகழ் பெற்றவர்களே பங்கெடுக்கிறார்கள். அதிலும் ஜோடி சேர்ப்பது குறிப்பிட்ட காலத்துக்குத்தான். இப்போது இரண்டு ஆண்டு. நாமோ தேதி எதுவும் குறிக்காமல் ஆரம்பித்து, போன் குறைந்து, ஒருவரை ஒருவர் தவிர்த்து, நன்றி கெட்டவன் என்ற பேச்சில் கொண்டுபோய் முடிக்கிறோம். ஆரம்பிக்கும்போதே ஆறு மாதமோ ஒரு வருடமோ குறித்துவிடுவது நல்லது. தேவைப்பட்டால் மறுபடி பேசி நீட்டிக்கலாம்.

கடைசிச் சந்திப்பு முடிந்த அன்றே அவர்களுடைய ஒத்திகை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் வெளியேறிவிடுவேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒருவர் கூப்பிட்டார். சந்தேகம் எதுவும் இல்லை. நாடகம் இயக்கக் கற்றுக்கொள்ள ஒரு பெண் அவரிடம் வந்திருக்கிறாளாம், முதல் நாள் என்ன பேசுவது என்று கேட்டார்.