கொழுத்த மட்டக்குதிரைக்கு மெக்னீசியம்: பொடி வாங்கும் முன் ஒரு நாடா வாங்குங்கள்

மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான்: "பிடரி தடித்துவிட்டது அண்ணே, மெக்னீசியம் எத்தனை கரண்டி போடலாம்?" நானும் அதே கேள்வியோடுதான் தொடங்கினேன். என் தந்தை ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களை ஏற்றிக் குதிரை வண்டி ஓட்டியவர். அந்தத் தொழில் ஆட்டோக்களிடம் போனது. எங்கள் வீட்டில் மிஞ்சியது சிட்டு என்ற பெட்டை மட்டக்குதிரையும் ஒரு லாயமும்தான். வேலை இல்லை, தீனி மட்டும் பழைய கணக்கில். மூன்றே ஆண்டுகளில் சிட்டுவின் கழுத்து மேல்புறம் தலையணை தைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது.

நான் செய்த முதல் தவறு, பலன் இருக்கும் என்று நம்பி மெக்னீசியப் பொடியை முதலில் வாங்கியது. இரண்டு மாதம் தவறாமல் போட்டேன். மார்புச் சுற்றளவு ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஆகவே இந்தச் செய்முறையில் மெக்னீசியம் ஐந்தாவது படியில்தான் வருகிறது. அவசரமாக அங்கே தாவிவிட வேண்டாம்.

எதற்காக இந்தப் பாடு

குதிரையின் குளம்புக்குள் இருக்கும் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிணைத்து நிறுத்துவது மெல்லிய இதழ் இதழான திசு. அது வீங்கிப் பிடிப்பு விட்டால் உடல் எடை முழுவதும் அந்த எலும்பைக் கீழே அழுத்தும். இதுதான் லேமினைட்டிஸ், குளம்பு அழற்சி. கொழுத்த மட்டக்குதிரைகளில் இதற்கு முக்கியக் காரணம் இரத்தத்தில் இன்சுலின் மிகுதியாவது. 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், நலமாக இருந்த மட்டக்குதிரைகளுக்குச் சர்க்கரை அளவைச் சீராக வைத்துக்கொண்டே இன்சுலினை மட்டும் தொடர்ந்து ஏற்றினார்கள். 72 மணி நேரத்துக்குள் அவற்றுக்குக் குளம்பு அழற்சி வந்துவிட்டது. "வெல்லம் கொஞ்சம்தானே" என்று இழுப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

படி 1: அளவு எடுங்கள்

குதிரையை ஏற்றி நிறுத்தும் எடைமேடைக்கு நம் பக்கத்தில் எங்கே போவது? தையல்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மூச்சை விட்ட நேரத்தில், மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளம். நாடா 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். உடம்பு அதற்கும் பெரிதென்றால் கயிற்றால் சுற்றிக் கயிற்றை அளக்கலாம்.

சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும். சிட்டுவுக்குச் சுற்றளவு 146, நீளம் 125. விடை 224 கிலோ. இது துல்லியமான எடை அல்ல. ஆனால் ஒரே ஆள், ஒரே இடத்தில், வாரம் ஒருமுறை அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பிசகாது.

அடுத்து விலா. உங்கள் கையை முஷ்டியாக மடக்கி விரல் முட்டிகளைத் தடவுங்கள்: விலா அப்படித் தட்டுப்பட்டால் குதிரை மெலிந்திருக்கிறது. புறங்கையைத் தடவுவது போலிருந்தால் சரியான உடம்பு. பெருவிரலுக்குக் கீழுள்ள சதைமேட்டைத் தொடுவது போலிருந்தால் கொழுப்பு. பிடரி மேட்டைக் கையால் பிடித்து இருபுறமும் வளைத்துப் பாருங்கள். வளையாமல் கட்டையாக நின்றால் அடுத்த படியை இன்றே செய்யுங்கள்.

படி 2: காலைத் தொட்டுப் பாருங்கள்

முன்னங்காலில் குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்பக்கம், இரு ஓரங்களிலும் விரலை மென்மையாக வைத்தால் நாடி தெரியும். நலமான காலில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடாமலே விரலை முட்டினால், குளம்பு மணிக்கணக்கில் சூடாகவே இருந்தால், திரும்பும்போது தயங்கினால், முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை நடக்க வைக்காதீர்கள். ஆழமான மென்மணலில் நிறுத்துங்கள்.

நம் கடற்கரையில் ஒரு வசதி உண்டு. மீனுக்கு ஐஸ் எங்கும் கிடைக்கும். உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்து, முழங்கால் வரை குளிரும்படி உறுதியான பைகளில் முன்னங்கால்களை வைத்தால் ஆரம்ப நிலையில் சேதம் குறையும். எத்தனை நாள் வைக்க வேண்டும், என்ன வலி மருந்து என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

படி 3: இன்சுலின் பரிசோதனை

கேட்டு வாங்குங்கள். பசு, ஆடு பார்க்கும் மருத்துவரிடம் குதிரைக்கு இன்சுலின் என்றால் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்; பரவாயில்லை. எடுத்த இரத்தத்தைக் குளிர்ச்சியில் வைத்து விரைவாகப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றே சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

படி 4: தீனி

இங்கேதான் வேலை முழுவதும் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ, கடல்வழியே வந்து இறங்கும் குதிரைகளுக்கு இங்கே இறைச்சியும் சோறும் சமைத்துக் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் அவை மடிகின்றன என்று எழுதிவைத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று பட்டியலே போட்டார். எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் நாம் பெரிதாக மாறவில்லை. இறைச்சிக்குப் பதில் வாழைப்பழம், பாலுக்குப் பதில் கருப்பட்டி. சிட்டு நிற்கும் வேலியோரமாக யாத்திரிகர்கள் போவார்கள். ஆளுக்கொரு பழம் நீட்டுவார்கள், சிலர் பிரசாதப் பொங்கலை இலையோடு வைப்பார்கள். புண்ணியம் அவர்களுக்கு, குளம்பு நோய் எனக்கு. வேலிக்கு மேல் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியதுதான் நான் செய்த முதல் உருப்படியான சிகிச்சை.

நிறுத்த வேண்டியவை: பழம், வெல்லம், கருப்பட்டி, சோறு, கம்பு, மூட்டைக் கணக்கில் தவிடு. கொள்ளையும் எடுத்துவிடுங்கள். "குதிரைக்குக் கொள்ளு" என்பது நாள் முழுக்க வண்டி இழுத்த குதிரைக்குச் சொன்னது.

கொடுக்க வேண்டியது உலர்ந்த புல், அதுவும் எடை போட்டு. நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 சதவீதம், ஈரம் நீக்கிய கணக்கில். சுமார் 200 கிலோ குதிரைக்கு 3 கிலோ உலர்பொருள், அதாவது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ காய்ந்த புல். மீன் நிறுக்கும் தொங்கு தராசு போதும். வைக்கோலைப் பாதிக்கு மேல் சேர்க்காதீர்கள், வயிற்றில் அடைத்துக்கொள்ளும். மாட்டுக்குப் போடும் பச்சைச் சோளத்தட்டை குதிரைக்கு ஆகாது. நம் தரிசில் தானாக வளரும் கொழுக்கட்டைப் புல்லிலும் நேப்பியர் வகைகளிலும் ஆக்சலேட் மிகுதி. அதையே நாள்தோறும் தின்றால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராமல் முக எலும்பே வீங்கும். உலர்த்திய அருகம்புல் கிடைத்தால் அதையே முதன்மையாக வையுங்கள்.

புல்லில் இருக்கும் சர்க்கரையைக் குறைக்க, எடை போட்ட புல்லை ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் அமுக்கிவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நம் வெயிலில் அதற்கு மேல் ஊறினால் புளித்துவிடும். அந்தத் தண்ணீரைக் குதிரை குடிக்கக் கூடாது. புல்லிலிருந்து கரைந்த சர்க்கரை அதில்தான் இருக்கிறது.

அரை மணியில் தின்றுவிட்டு மீதி நாள் முழுவதும் ஏங்கி நிற்பதும் நல்லதல்ல. பாம்பனில் பழைய வலை சும்மா கிடைக்கும். சிறிய கண்ணுள்ள பருத்த நூல் வலையில் புல்லை அடைத்து, கால் சிக்காத உயரத்தில் கட்டுங்கள். மெல்லிய நைலான் இழையான தங்கூசி வலை வேண்டாம், பல்லுக்கும் காலுக்கும் கேடு. தரையில் சிந்தும் புல்லுக்குக் கீழே தார்ப்பாய் விரியுங்கள். மணலோடு சேர்த்துத் தின்றால் குடலில் மணல் தங்கி வயிற்றுவலி வரும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள்: பட்டினி போடாதீர்கள். மட்டக்குதிரையைத் திடீரெனப் பட்டினி போட்டால் உடம்பின் கொழுப்பு இரத்தத்தில் வெள்ளமாக இறங்கி உயிரையே எடுக்கும். வாரத்துக்கு ஒரு கிலோ குறைந்தால் தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தரிசெல்லாம் பச்சை பிடிக்கும்போது மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடவும் வேண்டாம்.

கால் வலி இல்லாத குதிரையை, அலை வாங்கிய ஈர மணலில் விடியற்காலை இருபது நிமிடம் நடத்துங்கள்.

படி 5: இப்போது மெக்னீசியம்

முதலில் கணக்கு. 200 கிலோ மட்டக்குதிரையின் அன்றாடத் தேவை சுமார் 3 கிராம் மெக்னீசியம். உடல் எடைக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. சாதாரணப் புல்லில் 0.15 முதல் 0.2 சதவீதம் இருந்தால், 3 கிலோ உலர்பொருளில் நாலரை முதல் ஆறு கிராம் ஏற்கெனவே வந்துவிடுகிறது. நம் கிணறுகளில் உப்புச்சுவை ஏறியவை நிறைய. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை வாங்கினால் மெக்னீசியம் என்று ஒரு வரி இருக்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்பது இந்தியத் தரத்தின் உச்ச வரம்பு. அந்த அளவுள்ள தண்ணீரை வெயில் நாளில் 15 லிட்டர் குடித்தால் அதிலேயே ஒன்றரைக் கிராம். ஆக, பல குதிரைகளுக்குப் பற்றாக்குறையே இருக்காது.

பிறகு ஏன் கொடுப்பது? ஊறவைத்துக் கொட்டும் தண்ணீரோடு சர்க்கரை மட்டுமல்ல, மெக்னீசியமும் மற்றத் தாதுக்களும் போகின்றன. தீனியின் அளவும் குறைந்திருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கலாம். மனிதரில் மெக்னீசியக் குறைவுக்கும், உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத இன்சுலின் எதிர்ப்புக்கும் தொடர்பு காணப்பட்டதால் குதிரைக்கும் பலன் இருக்கும் என்று நம்பினார்கள். ஆனால் குளம்பு அழற்சி கண்ட கொழுத்த குதிரைகளுக்கு மெக்னீசியமும் குரோமியமும் சேர்ந்த பொடியை 16 வாரம் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில் உடல் அளவும் குறையவில்லை, இன்சுலின் நிலையும் மாறவில்லை. என் இரண்டு மாத அனுபவம் அதோடு ஒத்துப்போனதில் வியப்பில்லை.

கொடுப்பதென்று மருத்துவரும் ஒப்புக்கொண்டால், தீவனத் தர மெக்னீசியம் ஆக்சைடு வாங்குங்கள். அதில் ஏறத்தாழ 55 சதவீதம் மெக்னீசியம். நான் சிட்டுவுக்குக் கொடுப்பது நாளுக்கு 2 கிராம் மெக்னீசியம், அதாவது பொடியாக நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. நகைக்கடைத் தராசு போன்ற சிறு தராசில் ஒருமுறை நிறுத்து, அது எந்தக் கரண்டியில் எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் அதில் பாதி. ஊறிய புல்லில் ஒரு பிடி எடுத்துப் பிசறிக் கொடுத்தால் கீழே உதிராது. வெல்லத்தில் உருட்டிக் கொடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால், நாலாம் படியை மீண்டும் படிக்கவும்.

பேதி உப்பு வேண்டாம். அதிலும் மெக்னீசியம் உண்டு, பத்தில் ஒரு பங்கு. 2 கிராம் கிடைக்க 20 கிராம் உப்பு போட வேண்டும். கசப்பு, சாணமும் இளகும். குடல் மணலுக்கு மருத்துவர் குழாய் வழியாகப் பேதி உப்பு ஏற்றுவது வேறு வைத்தியம். அதைப் பார்த்து நாள்தோறும் போடாதீர்கள். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் உப்பை வாரியபின் பாத்தியில் நிற்கும் கசப்பு நீரில் மெக்னீசியம் மிகுதி என்பது உண்மைதான். அதைக் குதிரைக்கு ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. அளவும் தெரியாது, கூடவே என்ன வருகிறது என்றும் தெரியாது.

சிறுநீரகக் கோளாறு உள்ள குதிரைக்கு மெக்னீசியமே கூடாது. மிகுதியானதை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். நல்ல குதிரைக்கும் ஆண்டுக்கணக்கில் அளவு மீறிப் போட்டால் குடலில் கல் கட்டும் வாய்ப்பு கூடும். அந்தக் கற்களில் பெரும்பாலானவை மெக்னீசியம் கலந்தவை. இரத்தத்தில் மெக்னீசியம் சரியாக இருக்கிறது என்ற அறிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். உடம்பின் மெக்னீசியத்தில் இரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி எலும்பில் இருக்கிறது.

பொடியைக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி வையுங்கள். நம் உப்புக் காற்றில் காகிதப் பொட்டலம் ஒரே வாரத்தில் கட்டியாகிவிடும்.

படி 6: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு ஞாயிறும் தேதி, சுற்றளவு, பிடரி வளைகிறதா, நாடி தெரிகிறதா, அவ்வளவுதான். லாடக்காரர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து குளம்பைச் செதுக்கும் நாளையும் குறித்துவையுங்கள். குளம்புச் சுவரில் புதிய வளையங்கள் தெரிந்தால் அவரே சொல்லிவிடுவார். எட்டு வாரத்தில் சுற்றளவு அசையவில்லையென்றால் பொடியைக் கூட்டாதீர்கள். வேலியருகே யார் பழம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். என் வீட்டில் அது என் அத்தை. மாலை விளக்கேற்றியபின் ஒரு துண்டுக் கருப்பட்டி, "வாயில்லாச் சீவன்" என்று சொல்லிக்கொண்டே. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு கைப்பிடி ஊறிய புல்லைக் கிண்ணத்தில் வைத்து, இதை நீங்களே கொடுங்கள் அத்தை என்றேன். ஐந்து மாதம் கழித்து நாடாவில் 140 வந்தது. கணக்குப்படி 206 கிலோ. பிடரி இப்போது கையோடு வளைகிறது.