அன்றாடப் பாடுகளுக்கு நடுவே ஜெபத்துக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படுமா என்ற கேள்வியில் தொடங்கி, தை மாதத்தில் சம்பா நெல் மூட்டைகளாகித் தராசில் ஏறும் வரை, காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு குடும்பத்துக்குக் கவலையில்லாத வாரம் என்று ஒன்று வருவதேயில்லை. தண்ணீர் வந்தால் உரம் கிடைக்காது. உரம் கிடைத்தால் நடவுக்கு ஆள் வராது. எல்லாம் கூடி வந்தால் ஐப்பசி மழை கூடுதலாக வந்து நிற்கும். இவற்றுக்கு இடையில் குழுக்கடன் தவணை, மகளின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாம் தத்தம் தேதியில் தவறாமல் வரும். இந்த நிலையில், தலைச்சுமை சற்று இறங்கட்டும், பிறகு நிதானமாக வேதம் வாசித்து ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடுவது இயல்பு. நானும் பல ஆண்டுகள் அப்படித் தள்ளிப்போட்டேன்; அந்த நிதானமான நாள் இன்றுவரை வரவில்லை. ஆகவே, கவலைகள் அப்படியே இருக்கும்போது, அவற்றின் நடுவிலேயே செய்யக்கூடியவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் களையையும் பயிரையும் பிரித்தறியுங்கள்

விதைக்கிறவன் உவமையில், முள்ளுள்ள நிலத்தில் விழுந்த விதை முளைக்காமல் போகவில்லை. நன்றாகவே முளைத்து வளர்ந்து, நெருக்கப்பட்டுப் பலன் கொடாமல் போகிறது. அந்த முள் எது என்று விளக்கும்போது இயேசு கொலையையோ களவையோ குறிப்பிடுவதில்லை. உலகக் கவலையைத்தான் முதலில் சொல்கிறார். நம் வயல்களில் முள்ளைவிட ஆபத்தானது குதிரைவாலிப் புல். இளம்பருவத்தில் அது நெல்லோடு நெல்லாக நிற்கும். அனுபவமுள்ளவர்கள் நிறத்தைப் பார்த்தே பிடுங்கிவிடுவார்கள். பழக்கமில்லாதவர்கள் இலையும் தண்டும் சேரும் கழுத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அந்த இடத்தில் சிறு நாக்கைப் போல வெளுத்த சவ்வு ஒன்று இருக்கும், புல்லுக்கு இருக்காது.

கவலையும் பொறுப்பும் இப்படித்தான் ஒன்றுபோல நிற்கின்றன. "நான் கவலைப்படாவிட்டால் வேறு யார் படுவார்கள்?" என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது களைக்குத்தான் தண்ணீர் பாய்ச்சுகிறோம். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இதற்கு இன்று என் கையால் செய்யக்கூடிய வேலை ஏதேனும் இருக்கிறதா? ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்னும் சாகுபடிச் சான்று வாங்க வேண்டும் என்றால் அது இடப்பக்கம். நாளைக் காலையில் போய் வாங்க வேண்டிய வேலை. கதிர் வரும் நேரத்தில் புயல் வந்துவிடுமோ என்றால் அது வலப்பக்கம். அதற்கு நாம் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை. இடப்பக்கத்தில் இருப்பவற்றைச் செய்து முடித்து அடித்துவிடுங்கள். வலப்பக்கத்தில் இருப்பவையே உங்கள் ஜெபக் குறிப்பு. இதற்காகத் தனியாகக் குறிப்பு தேட வேண்டியதில்லை.

அந்த வலப்பக்கத்தை ஜெபிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஒன்றுக்கும் கவலைப்படாமல் உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறவர் "எனக்கு எல்லாமே கஷ்டம்" என்று எழுதிக் கொடுப்பதில்லை; சர்வே எண், வாய்க்காலின் பெயர், எந்த நாளிலிருந்து தண்ணீர் வரவில்லை என்பது வரை எழுதுகிறார். ஜெபமும் அவ்வளவு திட்டமாக இருக்கட்டும். பொத்தாம்பொதுவாக ஜெபித்தால், ஜெபித்து முடித்த பின்னும் அதே பாரம் அதே இடத்தில் இருப்பதாகத் தோன்றும். எதை ஒப்படைத்தோம் என்பது நமக்கே தெரியாததுதான் காரணம். தேதியையும் குறித்து வையுங்கள், ஏனெனில் தீர்ந்துபோன கவலையை நாம் மிக விரைவில் மறந்துவிடுகிறோம்.

புதிய நேரம் தேடாதீர்கள்

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் வேதம் வாசிக்கும் தீர்மானம், நடவு நடக்கும் வாரத்தில் மூன்றாம் நாளே முறிந்துவிடும். ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் நடக்கும் வேலை ஒன்றில் ஜெபத்தைக் கட்டிவிடுவதே எளிது. கத்தோலிக்கர்களுக்குக் கோவில் மணியே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபத்துக்கு அது அடிக்கும்போது வரப்பில் நிற்பவரும் ஒரு நிமிடம் நிற்கலாம். மணியோசை எட்டாத தெருவில் இருப்பவர்கள் தாங்களாகவே ஒரு மணியை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா காலையில் ஐந்து டம்ளர்களை வரிசையாக வைத்துத் தேநீர் ஊற்றுவார். ஒவ்வொரு டம்ளரிலும் ஊற்றும்போது அதைக் குடிக்கப்போகிறவருக்காக ஒரு வாக்கியம் சொல்வார்: கடையில் வேலை பார்க்கும் மகனுக்கு, தேர்வு எழுதும் மகளுக்கு, மூட்டு வலியோடு எழுந்திருக்கும் மாமனாருக்கு, பேச்சு குறைந்துபோன கணவருக்கு. கடைசி டம்ளர் அவருடையது. "அதுக்கு ஒண்ணும் சொல்லத் தோணாது, சும்மா நிப்பேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை. நான் அறிந்த நீண்ட உபவாச ஜெபங்கள் பலவற்றைவிட அந்த இரண்டு நிமிடங்கள் மேலானவை என்பது என் எண்ணம். உபவாசக் கூட்டத்தார் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளக்கூடும்.

வாசிப்புக்கு நாளொன்றுக்கு ஒரு சங்கீதம் போதும். கைப்பேசியில் வாசிப்பதைவிடத் தாளில் வாசிப்பது நல்லது. வசனத்தைத் தேடப் போய் நெல் விலை விசாரிக்கும் வாட்ஸ்அப் குழுவில் போய் முடிந்த அனுபவம் எனக்குப் பல முறை உண்டு.

ஜெபிக்க வாய் வராத நாட்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு மூன்று இரவுகள் காத்திருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகச் சொல்லி முதல் நாள் திருப்பிவிட்டார்கள். காய வைத்து மறுபடி கொண்டுபோனபோது சாக்கு இல்லை என்றார்கள். மூன்றாம் இரவு மழை வந்தது. படுதாவின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது, குவியலின் அடியில் நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அந்த நேரத்தில் ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்ததாகப் பாசாங்கு செய்யவும் மனமில்லை.

அப்போது கைகொடுத்தது 13ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அது தொடங்குகிறது. இத்தகைய முறையீடுகள் வேதத்தில் இடம்பெற்றிருக்கின்றன என்பதே பெரிய அனுமதி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி வந்ததைப் பார்த்த நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மக்களுக்கும், 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் சாய்த்த தென்னந்தோப்புகளின் நடுவே நின்ற பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் உங்கள் சொந்த வார்த்தையைத் தேடாதீர்கள்; 13, 42, 88 ஆகிய சங்கீதங்களில் ஒன்றை வாய்விட்டு வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலோடு முடியவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே அழைத்துப் பேசுங்கள். வீட்டில் ஒருவரையும் எழுப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

கடனும் கூலியும்

வேதாகமச் சங்கத்தின் தமிழ் வேதாகமத்தில், கர்த்தர் கற்பித்த ஜெபம் மத்தேயு 6:12இல் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றே வருகிறது. நகையை அடகு வைத்தவர் அந்த வரியை வேகமாகக் கடந்துவிட முடியாது. தவணை நாளன்று காலையில் அந்த ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். நமக்குத் தர வேண்டியவர்களின் பெயரையும் அதே வரியில் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். கையில் இல்லாத பணத்தைப் பொருத்தனை செய்துவிட்டுத் தவிப்பதைவிட, பொருத்தனை செய்யாமலிருப்பதே நலம் என்று பிரசங்கியும் சொல்கிறார்.

நாம் கொடுக்க வேண்டிய கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுவதும் இதில் சேரும். அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். அந்தக் கூக்குரலுக்கு மேலே நம் ஜெபம் கேட்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை பட்டினியில் கிடந்தபோது, வெளியே நெல் இருந்தும் அதைக் கோட்டைக்குள் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை; கூலி வரும் என்று அதிகாரிகளை நம்ப மக்கள் தயாராக இல்லை. அதற்குத் தாம் பொறுப்பு என்று தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வாக்குக் கொடுத்த பிறகே மாடுகள் வந்தன. சொன்னபடி கூலியும் கொடுக்கப்பட்டது. அவருடைய பிரசங்கங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இந்தக் கூலிக் கணக்கை மறக்க முடியவில்லை.

ஞாயிறும் பண்டிகையும்

அறுவடை இயந்திரம் நம் வசதிக்கு வருவதில்லை. பத்து நாட்கள் காத்திருந்து அது ஞாயிற்றுக்கிழமையன்று நம் வயலுக்கு வந்தால் அறுக்கத்தான் வேண்டும். ஓய்வுநாளில் துரவில், அதாவது கிணற்றில், விழுந்த எருதைத் தூக்கிவிடுவதை இயேசு குறை சொல்லவில்லை. வீட்டிலிருந்து ஒருவராவது ஆராதனைக்குப் போய், அன்று வாசித்த பகுதியை மாலையில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். ஆனால் எல்லா ஞாயிறும் எருது விழுகிறதென்றால் துரவைத்தான் மூட வேண்டும்.

கிறிஸ்துமஸ் நமக்குச் சங்கடமான நேரத்தில் வருகிறது. சம்பா அறுவடைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். கையில் ஆண்டிலேயே மிகக் குறைந்த பணம் இருக்கும். அப்போதுதான் புத்தாடையும் பலகாரமும் வேண்டும். கடன் வாங்கிக் கொண்டாடிவிட்டு அறுவடைப் பணத்தில் வட்டி கட்டும் வீடுகள் எல்லாச் சபையிலும் உண்டு. குறுவை நெல் விற்ற பணம் வரும் புரட்டாசி, ஐப்பசியிலேயே ஒரு தொகையை உறையில் போட்டு ஒட்டி வேதாகமத்துக்குள் வைத்துவிடுங்கள். உறையில் உள்ளதுதான் அந்த ஆண்டின் பண்டிகை. குறைவாக இருந்தால் பிள்ளைகளுக்கு மட்டும் துணி எடுங்கள்.

விட்டுப்போனால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு மழைவாரத்திலோ, மருத்துவமனையில் துணையிருக்கும் நாட்களிலோ எல்லாம் விட்டுப்போகும். விட்ட பதினைந்து சங்கீதங்களையும் ஒரே இரவில் வாசித்துக் கணக்கை நேர்செய்ய முயலாதீர்கள். நடவு முடிந்து ஒரு வாரம், பத்து நாட்களில் பாடுவாசி நிரப்பும்போது, யாரும் வயல் முழுவதையும் உழுது மறுபடி நடுவதில்லை. நெருக்கமாக நிற்கும் இடத்திலிருந்து இரண்டு நாற்றைப் பிடுங்கி வெற்றிடத்தில் ஊன்றிவிட்டு நகர்கிறார்கள். இன்றைய தேதிக்குரிய சங்கீதத்தை எடுங்கள். நோட்டில் வலப்பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். நாளைக் காலை தேநீரோடு மீண்டும் தொடங்குங்கள்.