ஊர்க் குழுவில் உங்கள் பெயரைக் கெடுத்தால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வரும் குமரி மாவட்டத்தாருக்கு

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த தம்பி ஒருவர் போன கோடையில் என்னை அழைத்தார். ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், நூறு பேருக்கு மேல் பார்க்கும்படி, “சீட்டுப் பணத்தைச் சுருட்டியவன்” என்று லண்டனிலேயே இருக்கும் ஒருவர் அவரைப் பற்றி எழுதியிருந்தார். மானநஷ்ட வழக்குப் போட வேண்டும், நல்ல வக்கீல் யார் என்று கேட்டார். எழுதி எத்தனை நாளாயிற்று என்று நான் திருப்பிக் கேட்டேன். பதினான்கு மாதம் என்றார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் பங்குத்தந்தையையும் வைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று காத்திருந்தாராம். பேச்சு நடந்தது, சாயாவும் குடித்தார்கள், தீர்வு மட்டும் வரவில்லை. அப்படியே வழக்குப் போடும் கெடுவும் தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவதூறு வழக்குக்குக் கெடு ஓராண்டு. 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் இருப்பது இது. ஒப்பந்தத்தை மீறினால் இதே சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது. அதனால் எல்லா வழக்குக்கும் ஆறு ஆண்டு என்று நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதை நம்பாதீர்கள். இந்த ஓராண்டை எண்ணத் தொடங்குவது, நீங்கள் படித்த நாளிலிருந்து அல்ல. அவர் அதை வெளியிட்ட நாளிலிருந்து. எழுதியவரே அதே சங்கதியைப் பொதுவில் மீண்டும் போட்டாலும், 2013 அவதூறுச் சட்டப்படி முதல் தடவை போட்ட நாள்தான் பெரும்பாலும் கணக்கு. வேறொருவர் எடுத்துப் பரப்பினால் அது அவர் செய்த தனி வெளியீடு. அவருக்குத் தனி ஓராண்டு ஓடும். கெடு கடந்த வழக்கை ஏற்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. தாமதம் எவ்வளவு, ஏன் என்றெல்லாம் பார்த்துத்தான் அதைச் செய்வார். ஊரில் பேச்சுவார்த்தை நடந்தது என்ற ஒரு காரணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தப் படி ஏறமாட்டேன்.

பலரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. நோட்டீஸ் அனுப்பினால் கெடு நின்றுவிடாது. ஓராண்டுக்குள் உங்கள் மனு நீதிமன்றத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பேசித் தீர்க்க இன்னும் அவகாசம் வேண்டுமென்றால், காலக்கணக்கை இத்தனை நாள் நிறுத்திவைக்க இரு தரப்பும் சம்மதம் என்று எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளலாம். பெரியவர்கள் முன்னிலையில் கொடுத்த வாய்வார்த்தையை இதற்கு நம்ப முடியாது.

போலீசுக்கு ஓடுவதிலும் பயனில்லை. அவதூறு என்ற குற்றத்தை இங்கே 2010 ஜனவரியில் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மிரட்டல், விடாமல் தொந்தரவு செய்தல் என்றால் போலீஸ் வரும். பெயர் கெட்டது என்று மட்டும் சொன்னால், அது உரிமையியல் வழக்கு, உங்கள் பாடு.

வழக்குக்கு முன் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். நம் ஊர் வக்கீல் நோட்டீஸ் போலச் சவால் விடும் கடிதமாக அது இருந்தால் போதாது. அவர் எழுதிய சொற்கள் அப்படியே இருக்க வேண்டும். தமிழில் எழுதியிருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள். எந்த நாள், எந்தக் குழு, படித்தவருக்கு அது என்ன பொருள் தரும், அதில் எது பொய், உங்களுக்கு என்ன கெடுதல் ஆயிற்று, என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு பொதுவாக 14 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். இந்தக் கட்டத்தைத் தாண்டி நேரே வழக்குக்குப் போனால், செலவு விஷயத்தில் நீதிபதி உங்களைக் கேள்வி கேட்பார்.

கெடுதல் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். மனம் புண்பட்டது, ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்பவை இங்கே தனியாக நிற்காது. 2013 சட்டத்தின் முதல் பிரிவே, உங்கள் நற்பெயருக்குக் கடுமையான தீங்கு நேர்ந்திருக்க வேண்டும் அல்லது நேர வாய்ப்பிருக்க வேண்டும் என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது: சொல் எவ்வளவு சுடுகிறது என்பது மட்டும் போதாது, உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் என்றது. சீட்டில் சேரவந்தவர் விலகினாரா? வேலை தர இருந்தவர் பின்வாங்கினாரா? அப்படிச் சொல்லும் ஆட்களின் பெயரை அப்போதே குறித்துவையுங்கள். செய்தியைத் தேதியோடும் குழுவின் பெயரோடும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தானாக அழியும் அமைப்பு அந்தக் குழுவில் இருந்தால் அன்று இரவே எடுங்கள்.

வழக்குப் போகும் இடம் லண்டன் உயர் நீதிமன்றத்தின் ‘ஊடக வழக்குப் பட்டியல்’, அதாவது அவதூறு போன்ற வழக்குகளை விசாரிக்கும் பிரிவு. கவுண்டி நீதிமன்றம் என்ற உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்துக்கு, இரு தரப்பும் சம்மதித்தால் ஒழிய, இதை விசாரிக்க அதிகாரம் இல்லை. ஆன்லைனில் சின்னக் கடனை வசூலிப்பது போல இதை முடிக்க முடியாது. அரசுச் சட்ட உதவிப் பணம் பொதுவாகக் கிடைக்காது; தோற்றால் பெரும்பாலும் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில். மாதச் சம்பளத்தில் பாதி வீட்டு வாடகைக்குப் போகும் நிலையில் இருப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

எழுதியவர் நம் மாவட்டத்துக் கருங்கல் ஊரில் உட்கார்ந்து எழுதியிருந்தால்? அவர் இந்த நாட்டில் குடியிருப்பவர் அல்ல. வழக்கை நடத்த இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று இங்குள்ள நீதிமன்றத்துக்குத் தெளிவாகத் தோன்றினால்தான் அது எடுத்துக்கொள்ளும். ஊரில் போடுவது பல நேரம் எளிது. இந்தியாவிலும் நஷ்ட ஈட்டு வழக்குக்குக் கெடு ஓராண்டே. ஆனால் அங்கே அவதூறு இன்னும் குற்றமாகவே இருக்கிறது: 2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. அதற்கு மூன்று ஆண்டு அவகாசம். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து முடிக்கும் சங்கதி அல்ல அது. பாதிக்கப்பட்டவரே குழித்துறையிலோ இரணியலிலோ உரிய மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுத்துச் சத்தியம் செய்து வாக்குமூலம் தர வேண்டும். விமானச் செலவையும் விடுப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இறந்துபோன அப்பாவைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், இந்தியச் சட்டம் பார்க்கும். இங்கிலாந்துச் சட்டத்தில் இறந்தவருக்கு அவதூறே கிடையாது. கல்லறைத் திருநாளைக் கொண்டாடும் நமக்கு இது ஜீரணிக்கச் சற்றுக் கடினம்தான்.

அந்தத் தம்பிக்கு இங்கே கதவு ஏறக்குறைய மூடிவிட்டது என்றுதான் வக்கீலும் சொன்னார். மாதாமாதம் சீட்டுப் பணம் கட்டிய ரசீதுகளை எடுத்து வைத்திருந்தார். அவற்றை அந்தக் குழுவிலேயே, ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல், வரிசையாகப் போட்டார். இரண்டு பேர் மட்டும் அவரைத் தொலைபேசியில் அழைத்து வருந்தினார்கள்.